வயலைவிட்டுப் போகும் தண்ணீரும் கண்ணாடிப் பாசியும்



வயலுக்கு வரும் தண்ணீரைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். மேட்டூர் எப்போ திறப்பாங்க, கீழணைக்கு எப்போ வந்து சேரும், வீராணம் எப்போ நிரம்பும் என்று கணக்குப் போடாத நாள் கிடையாது. ஆனால் வயலைவிட்டுப் போகிற தண்ணீரைப் பற்றி? "வடிஞ்சா சரி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் நிலத்து வடிகால் ஒரு பெரிய வாய்க்காலில் சேர்ந்து, அது வெள்ளாற்றில் விழுகிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் கடலில் கலக்கிறது. அந்தக் கழிமுகத்தில் மடவையும் இறாலும் பிடிக்கிற நண்பர் ஒருத்தர் எனக்கு உண்டு. ஒரு நாள் டீக்கடையில் அவர் சொன்னார்: "அண்ணே, நீங்க உரம் போட்டு நாலு நாள்ல மழை பேஞ்சா, அந்தத் தண்ணி எங்க வலையில தெரியும். வலை முழுக்கக் கொழகொழன்னு பாசி புடிச்சிக்கும்."

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். "நான் இயற்கை விவசாயம் பண்றேன் தம்பி. யூரியா மூட்டை என் வயல்ல இறங்கிப் பல வருசம் ஆச்சு. என் தண்ணியில விஷம் கிடையாது" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "விஷம் இல்ல, சரிண்ணே. எரு தண்ணியில கரையாதா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் தேடப் போனபோதுதான் டயாட்டம் என்கிற பாசியைத் தெரிந்துகொண்டேன். அந்தப் பாசி என் நிலத்தைப் பற்றியே எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னது.

கண்ணாடி வீட்டுக்குள் ஒரு செடி

வாய்க்கால் கல்லைத் தொட்டால் வழுக்கும். அதன்மேல் பழுப்பு நிறத்தில் ஒரு வழவழப்பு படிந்திருக்கும். அதில் பெரும்பகுதி டயாட்டம். குளத்திலும் ஆற்றிலும் வயல் தண்ணீரிலும் ஈரமண்ணிலும் இருக்கிறது. கடலில் மிதந்துகொண்டும் இருக்கிறது. ஒரே ஒரு செல்தான் அதன் உடம்பு. கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு பங்குக்குள் அடங்கிவிடும்.

இதன் சிறப்பு இதன் ஓடு. மணலிலும் கண்ணாடியிலும் இருக்கிற அதே சிலிக்காவால் ஆன ஓடு. சோப்பு டப்பா மாதிரி அடி ஒன்று, மூடி ஒன்று. ஓட்டின்மேல் வரிவரியாக நுண்ணிய துளைகள். ஒவ்வொரு வகைக்கும் ஒரு வடிவம், ஒரு வேலைப்பாடு. படகு போல ஒன்று, வட்டத் தட்டுப் போல ஒன்று, ஊசி போல ஒன்று, மணிமாலை கோத்தது போல ஒன்று. அந்த வேலைப்பாட்டை வைத்துத்தான் வகை பிரிக்கிறார்கள். செத்த பிறகும் ஓடு எளிதில் அழியாது. பழங்காலத்து ஓடுகள் படிந்து கிடக்கிற மண்ணைத்தான் தானியத்தில் வண்டு விழாமல் இருக்க நம்மில் சிலர் பயன்படுத்துகிறோம். டயாட்டம் மண் என்று கடையில் விற்பது இதுதான்.

உலகத்தில் பச்சையமுள்ள உயிர்கள் வெளிவிடும் ஆக்சிஜனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு டயாட்டம்களிடமிருந்து வருகிறது. மத்தி மீனின் வயிற்றைப் பார்த்தால் டயாட்டம் இருக்கும். மடவை சேற்றை உறிஞ்சித் தின்பதும் அந்தச் சேற்றின்மேல் படிந்திருக்கிற டயாட்டத்துக்காகத்தான். நமக்கு மண்ணில் நுண்ணுயிர் எப்படியோ, மீனவருக்குக் கடலில் டயாட்டம் அப்படி.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்த டி.வி. தேசிகாச்சாரி, 1980களில் டயாட்டம்களுக்கென்று பல தொகுதிகள் கொண்ட படத்தொகுப்பே வெளியிட்டார். நம் ஊர்க்காரர் செய்த பெரிய வேலை அது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் செய்த தவறான கணக்கு

என் அக்கா மகன் கடல் உயிரியல் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தவன் நுண்ணோக்கி ஒன்றும் கொண்டுவந்தான். வாய்க்கால் கல்லில் சுரண்டிய பாசியில் ஒரு சொட்டு வைத்து 400 மடங்கு பெரிதாக்கிக் காட்டினான். பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கண்ணாடிப் படகுகளாக எவ்வளவு நெருக்கம்!

"பாத்தியாடா, எவ்வளவு டயாட்டம்! மீனுக்குச் சாப்பாடு. நம்ம தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"மாமா, எத்தனை இருக்குன்னு மட்டும் பாக்காதீங்க. எத்தனை விதமா இருக்குன்னு பாருங்க."

மறுபடியும் பார்த்தேன். பார்க்கிற இடமெல்லாம் ஒரே உருவம். ஒல்லியான குச்சி மாதிரி ஒன்று. வேறு உருவம் அங்கொன்று இங்கொன்றுதான்.

அவன் கேட்டான்: "ஒரு வயல்ல கோரை மட்டும் ஏக்கர் முழுக்க மண்டிக் கிடந்தா, 'ஆஹா, எவ்வளவு செழிப்பு'ன்னு சொல்லுவீங்களா?"

சொல்ல மாட்டோம். தண்ணீர் வடியவில்லை, மண்ணில் ஏதோ கோளாறு என்போம். உமரி தலைகாட்டினால் உவர் ஏறிவிட்டது என்போம். செடியைப் பார்த்து மண்ணைப் படிப்பது நமக்குப் பழக்கம்தான். பாசியைப் பார்த்துத் தண்ணீரைப் படிப்பதும் அதே கல்விதான்.

இந்தக் கல்விக்குப் பெரிய அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் ரூத் பேட்ரிக் என்கிற அமெரிக்கப் பெண் அறிவியலாளர். 1948இல் பென்சில்வேனியாவில் கோனஸ்டோகா ஆற்றுப் படுகையில் நல்ல இடம், கெட்ட இடம் எனப் பல இடங்களின் உயிரினங்களை எடுத்து ஒப்பிட்டார். நல்ல ஓடையில் பல வகை உயிர்கள் இருக்கும், எந்த ஒன்றும் மற்றதை அமுக்கிவிடாது. கழிவு கலந்த ஓடையில் தாங்கமுடியாத வகைகள் போய்விடும், தாங்குகிற சில வகைகள் மட்டும் பெருகிவிடும். இன்று ஐரோப்பிய நாடுகளில் ஆற்றின் தரத்தை மதிப்பிடும் அரசுச் சோதனைகளில் கல்லில் படிந்த டயாட்டமும் ஒன்று.

ஆக, இரண்டு எண்கள் வேண்டும். எத்தனை இருக்கிறது என்பது ஒன்று. எத்தனை வகை, அவை எப்படிப் பங்கு போட்டிருக்கின்றன என்பது இன்னொன்று. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். இரண்டு இடத்திலும் 100 ஓடு எண்ணுகிறோம். முதல் இடத்தில் 14 வகை. அதிகமாக இருக்கிற வகை 20. இரண்டாம் இடத்தில் 5 வகை. அதிகமாக இருப்பது 75. இரண்டிலும் எண்ணியது 100தான். ஆனால் முதலாவது பல்பயிர்த் தோட்டம், இரண்டாவது ஒற்றைப் பயிர். நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

"சோதனைக்கூடத்துல தண்ணி கொடுத்தா நைட்ரேட், பாஸ்பேட் அளந்து கொடுத்துடுவாங்களே, அப்புறம் எதுக்குப் பாசி?" என்று கேட்டேன். தண்ணீர்ச் சோதனை, அந்தத் தண்ணீரை எடுத்த நேரத்தைத்தான் சொல்லும். நேற்று ராத்திரி கழிவு போய் இன்று காலையில் தெளிந்திருந்தால் அதில் தெரியாது. பாசி அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. கடந்த சில வாரங்களில் அந்த வழியாக என்னென்ன போனதோ, அத்தனையையும் குடித்து வளர்ந்திருக்கிறது. அதே சமயம் ஓரிரு நாளிலேயே பெருகக்கூடியது என்பதால் மாற்றத்தையும் சீக்கிரம் காட்டிவிடும்.

எரு மேடு காட்டிக்கொடுத்தது

பிறகு அவன் ஒரு யோசனை சொன்னான். வாய்க்கால் நம்ம நிலத்துக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு இடம், நம்ம வடிகால் அதில் விழுந்த பிறகு ஒரு இடம், இரண்டிலும் கல் எடுத்துப் பார்ப்போம் என்று.

பார்த்தோம். மேலே எடுத்ததில் படகு, குச்சி, பிறை, தட்டு என்று பல உருவம். கீழே எடுத்ததில் அந்த ஒல்லிக் குச்சிதான் கும்பலாக. "நிட்ஷியா மாதிரி தெரியுது மாமா. சரியான இனத்தைச் சொல்லணும்னா அமிலத்துல ஓட்டைச் சுத்தம் பண்ணி இன்னும் பெரிசாக்கிப் பாக்கணும்" என்றான். நிட்ஷியா பேலியா என்று ஒரு இனம் உண்டு. சாக்கடை, எரு கலந்த, சத்து மிகுந்த தண்ணீரைத் தாங்குவதில் பேர்போனது.

மேலே இல்லாதது கீழே எப்படி வந்தது? வரப்பு ஓரமாக நடந்து பார்த்தோம். வடிகால் கரையிலேயே இருந்தது என் கோழி எருக் குவியல். வண்டி நிற்க வசதி என்று நான்தான் அங்கே கொட்டச் சொல்லியிருந்தேன். மழை பெய்யும்போதெல்லாம் அதன் சாறு நேரே வடிகாலில்.

யூரியாவை விட்டுவிட்டோம் என்ற நிம்மதியில் இருந்தவன் நான். பாசிக்கு மூட்டையின் பெயர் தெரியாது. யூரியாவிலிருந்து வந்தாலும் கோழி எருவிலிருந்து வந்தாலும் கரைந்த தழைச்சத்து தழைச்சத்துதான், மணிச்சத்து மணிச்சத்துதான். நெல்லுக்குப் போடும் யூரியாவில் பாதிக்கும் குறைவாகத்தான் பயிர் எடுக்கிறது என்று நாம் மேடையில் பேசுகிறோம். அது உண்மை. ஆனால் நம் எருவும் பயிர் எடுக்காத இடத்தில், எடுக்காத நேரத்தில் கிடந்தால் அதே வழியில்தான் போகும். ரசாயனம் கலக்காத தண்ணீர் எல்லாம் சுத்தமான தண்ணீர் என்று நினைத்தது என் தவறு.

கழிமுகத்தில் என்ன நடக்கிறது

வயலிலிருந்து போன சத்து கழிமுகத்துக்குப் போனால் என்ன? டயாட்டத்துக்கு உணவுதானே, பெருகட்டுமே என்று தோன்றும். இங்கேதான் சிலிக்கா குறுக்கே வருகிறது.

டயாட்டம் வளர, தழைச்சத்து அணுக்கள் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவே சிலிக்கா அணுக்களும் வேண்டும். ஓடு கட்ட வேண்டுமே! சிலிக்கா பாறையும் மண்ணும் மெல்லக் கரைந்து ஆற்று வழியாகக் கடலுக்குப் போகிறது. நாம் உரம் போட்டால் தழைச்சத்தும் மணிச்சத்தும் கூடுகின்றன. சிலிக்கா கூடுவதில்லை. அணைகள் கட்டினால் தேங்கிய தண்ணீரிலேயே டயாட்டம் வளர்ந்து அடியில் படிந்துவிடுவதால் கீழே போகிற சிலிக்கா குறையவும் செய்கிறது. ஒரு கட்டத்தில் கடலோரத்தில் தழைச்சத்து மிச்சம் இருக்கும், சிலிக்கா தீர்ந்துபோயிருக்கும். அப்போது டயாட்டம் நின்றுவிடும். ஓடு தேவைப்படாத வேறு பாசிகள் அந்த மிச்சத்தைத் தின்று பெருகும். அவற்றில் சில மீனுக்கு ஆகாதவை, சில நஞ்சு.

இதற்குப் பெரிய சான்று அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு. மக்காச்சோள வயல்களின் வடிநீர் எல்லாம் அதில் சேர்ந்து மெக்சிகோ வளைகுடாவில் விழுகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஆற்றில் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் சிலிக்கா ஏறத்தாழ நான்கு பங்கு இருந்தது. 1980களில் அது ஒன்றுக்கு ஒன்று என்று இறங்கிவிட்டது. ஆற்று முகத்துக்கு வெளியே ஒவ்வொரு கோடையிலும் மண்டிச் செத்த பாசி அடியில் அழுகி, ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகிறது. 2017இல் அப்படி மூச்சு முட்டிய கடற்பரப்பு 22,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். இறாலும் மீனும் ஓடிவிடும், ஓட முடியாதவை சாகும்.

டயாட்டம் எல்லாமே நல்லது என்றும் சொல்ல முடியாது. சூடோ-நிட்ஷியா என்று ஒரு பேரினம். அதில் சில இனங்கள் டோமாயிக் அமிலம் என்ற நஞ்சைச் செய்யும். 1987இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் அந்த நஞ்சு சேர்ந்த மட்டிச் சிப்பியைத் தின்று நூறு பேருக்கு மேல் நோயுற்றார்கள், சிலர் இறந்தார்கள். அதனால்தான் எண்ணிக்கை மட்டும் போதாது, எது பெருகியிருக்கிறது என்றும் தெரிய வேண்டும். நம் கடலோரங்களில் காஸ்கினோடிஸ்கஸ், கீட்டோசெரஸ், தலாசியோனீமா, புளூரோசிக்மா என்று பலவும் கலந்து இருப்பது ஒரு நிலை. ஸ்கெலடோனீமா போல, சத்து மிகுந்த தண்ணீரில் வேகமாகப் பெருகும் ஒன்று மட்டும் தலைதூக்கி நிற்பது வேறு நிலை. அப்போது எங்கிருந்து சத்து வருகிறது என்று தேட வேண்டும்.

2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் மண்டபம் பக்கம் கடல் பச்சையாக மாறி, மீன்கள் செத்துக் கரையொதுங்கியது நினைவிருக்கும். அங்கே பெருகியது நாக்டிலுகா. அது டயாட்டத்தையே பிடித்துத் தின்கிற உயிர். அந்த நிகழ்வுக்கு உழவர்கள்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. காற்று, நீரோட்டம், வெப்பம், ஊர்ச் சாக்கடை என்று பல சேர்ந்துதான் கடலில் ஒன்று நடக்கும். ஆனால் கடலுக்குப் போகிற சத்தில் நம் பங்கு நம் கையில் இருக்கிறது.

அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள்

ஒரு எச்சரிக்கை. நம் கரையில் ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் கழிமுகத் தண்ணீர் கலங்கும், உப்புக் குறையும். அப்போது டயாட்டத்தின் வகையும் எண்ணிக்கையும் இயல்பாகவே குறைந்துவிடும். கோடையில் தண்ணீர் தெளிந்து உப்பு ஏறியதும் கூடும். கார்த்திகையில் எடுத்ததைச் சித்திரையில் எடுத்ததோடு ஒப்பிட்டு, "பாருங்க, தண்ணி நல்லாயிடுச்சு" என்று சொன்னால் அது பொய்க் கணக்கு. அதேபோல் உப்பு ஏறும் இடத்தையும் ஏறாத இடத்தையும் ஒப்பிடக் கூடாது. உப்புத் தண்ணீருக்கு ஒரு கூட்டம், நல்ல தண்ணீருக்கு ஒரு கூட்டம். ஒரே பருவம், ஒரே மாதிரித் தண்ணீர், மேலும் கீழும் என்றுதான் ஒப்பிட வேண்டும்.

நாமே பார்க்கலாம்

1. ஓடும் தண்ணீரில் கொஞ்ச நாளாக மூழ்கிக் கிடக்கிற, வெயில் படும் கற்கள் ஐந்து எடுங்கள். கல் இல்லாவிட்டால் செங்கல்லை மூன்று, நான்கு வாரம் போட்டு வைத்து எடுக்கலாம்.

2. மேற்புறத்தைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வெள்ளைத் தட்டில் கழுவிச் சேருங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் தனி பிரஷ், தனி பாட்டில். இடம், தேதி எழுதி ஒட்டுங்கள்.

3. ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். பக்கத்துப் பள்ளி, கல்லூரியில் கேட்டால் நுண்ணோக்கி கிடைக்கும். 140 மடங்கு காட்டும் ஃபோல்ட்ஸ்கோப் என்கிற காகித நுண்ணோக்கியிலும் பெரிய உருவங்கள் தெரியும்.

4. பெயர் தெரிய வேண்டியதில்லை. உருவத்துக்கு ஒரு பெயர் நீங்களே வையுங்கள். வரிசையாக 100 எண்ணுங்கள். எத்தனை உருவம், அதிகமானது எத்தனை என்று எழுதுங்கள். முறையான ஆய்வில் 300, 400 எண்ணுவார்கள். உருவத்தை மட்டும் வைத்து எண்ணுவது இன ஆய்வு ஆகாது. ஆனால் மேலுக்கும் கீழுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட இது போதும்.

வயலில் நான் மாற்றியவை

எருக் குவியலை வடிகாலிலிருந்து தூரமாக, மேட்டுப் பாங்கில் மாற்றினேன். மழைக்காலத்தில் பனை ஓலை போட்டு மூடுகிறேன். பச்சைக் கோழி எருவை அப்படியே போடுவதில்லை. வைக்கோலோடு அடுக்கி மட்கவைத்துப் போடுகிறேன். ஒரே தடவையில் கொட்டாமல் பயிர் கேட்கிற நேரத்தில் பிரித்துப் போடுகிறேன். போட்ட பிறகு ஒரு வாரம் மடையைத் திறப்பதில்லை. வானம் இருட்டியிருந்தால் போடுவதே இல்லை. வடிகாலில் கோரையையும் சம்பையும் முழுக்க வழித்து எடுக்காமல் ஓரத்தில் ஒரு பட்டை விட்டுவைக்கிறேன். தண்ணீர் அதற்குள் நுழைந்து மெதுவாகப் போகும்போது சத்தில் ஒரு பகுதியை அவை பிடித்துக்கொள்கின்றன.

வைக்கோலையும் சொல்ல வேண்டும். நெல் சிலிக்காவை விரும்பி எடுக்கிற பயிர். காய்ந்த வைக்கோலின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சிலிக்கா. அதை எரிக்காமல், முழுவதையும் விற்காமல் வயலுக்கே திருப்பினால் அடுத்த பயிருக்குத் தண்டு உறுதிப்படும், குலைநோயைத் தாங்கும். வயல் தண்ணீரில் வாழும் டயாட்டத்துக்கும் ஓடு கட்டச் சிலிக்கா கிடைக்கும்.

போன வாரம் மீனவ நண்பரைப் பார்த்து எருக் குவியல் கதையை மறைக்காமல் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. "நீங்க ஒருத்தர் மாத்துனா எங்க வலையில தெரியாதுண்ணே. உங்க வாய்க்கால்ல எத்தனை பேரு?" என்றார்.

வாய்க்காலில் நாற்பது குடும்பம். வருகிற தை மாதம், அறுவடைக்கு முந்தி, வாய்க்கால் தலைப்பிலும் நடுவிலும் வாலிலும் மூன்று இடத்தில் செங்கல் போட்டுப் பார்ப்பதாக இருக்கிறோம். யார் வயல் என்று குற்றம் சொல்வதற்காக இல்லை. எங்கே கசிகிறது என்று தெரிந்துகொள்ள. முதலில் காட்டப்போவது என் எரு மேட்டைத்தான். உங்கள் ஊர் வடிகாலிலும் ஒரு செங்கல் போட்டு வையுங்கள். பார்த்ததை நம் மாதக் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள்.